தங்காத சோறு

செல்வி, மாரி, இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்று தெரியும். மெதுவாகப் படியுங்கள், அவசரமில்லை.

போன மாதம் முலுண்ட் ஆஸ்பத்திரியில் செல்விக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். வயிற்றில் நாலு பொட்டு, அவ்வளவுதான். மறுநாள் காலையில் கட்டிலில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தாள். நான் பதறிப்போய் நர்ஸைக் கூப்பிட்டேன். அந்தப் பெண் சிரித்தாள். "அங்கிள், அதெல்லாம் பழைய காலம்" என்றாள். செல்வியும் சிரித்துக்கொண்டே, "உங்க காலத்துல என்னதான்ப்பா செய்வாங்க?" என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்று பேச்சை மாற்றிவிட்டேன். எங்கள் காலத்தைச் சொல்லப் போனால் காசிம் பாயைச் சொல்லாமல் முடியாது. அவர் கதையை ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லக் கூடாது.

எட்டாம் வகுப்போடு பம்பாய்க்கு வந்தவன் நான். தாராவியில் சித்தப்பா வீட்டு மச்சில் படுக்கை. செம்பூர்ப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. பிறகு ஆண்கள் வார்டில் வார்டுபாய். ஆபரேஷன் தியேட்டரில் ஆள் குறைந்தால் அங்கேயும் கூப்பிடுவார்கள். பக்கெட் எடுத்து வைப்பது, விளக்கைத் திருப்புவது, வெந்நீர் கொண்டுவருவது. வயிற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மேஜைக்கு இரண்டடி தள்ளி நின்று தெரிந்துகொண்டதுதான்.

வயிறு வயிறு என்று நாம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறோம். உள்ளே அது ஒன்றில்லை, பல. வாயில் மென்றது தொண்டைக் குழாய் வழியாக இரைப்பையில் விழும். இரைப்பை ஒரு தோல்பை மாதிரி. உள்ளே புளிப்பு நீர் சுரந்து, பிசைந்து பிசைந்து சோற்றைக் கூழாக்கும். சாப்பிட்டால் வயிறு நிறைந்தது என்று சொல்கிறோமே, அந்த நிறைவு இந்தப் பையோடு சரி. அதனால் உடம்புக்கு இன்னும் ஒன்றும் வந்து சேரவில்லை. கூழ் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் இறங்கும்போது, செல்விக்கு எடுத்தார்களே அந்தப் பையிலிருந்து பித்தநீர் வந்து எண்ணெய்ப் பசையைக் கரைக்கும். (பை போனாலும் ஈரல் அந்த நீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கும் செல்வி, பயப்படாதே.) கணையத்திலிருந்து இன்னொரு நீர் வரும். அதற்குப் பிறகுதான் நிஜமான வேலை.

சிறுகுடல் ஆளைப் போல மூன்று நாலு மடங்கு நீளம். மடித்து மடித்து உள்ளே கிடக்கிறது. உட்பக்கம் குளித்துத் துடைக்கிற துருக்கித் துண்டு மாதிரி பூப்பூவாக இருக்கும். அந்தப் பூக்கள்தான் சத்தை உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கின்றன. மிச்சம் பெருங்குடலுக்குப் போகும். அங்கே தண்ணீரை எடுத்துக்கொண்டு சக்கையை வெளியே தள்ளும். சோறு உடம்பாக மாறுகிற இடம் சிறுகுடல். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் சர்ஜன் ஜோக்ளேகர் டாக்டர். மாட்டுங்காவிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஒல்லி, தலை முழுக்க நரை. எங்களோடு பம்பாய் இந்தியில்தான் பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன். கத்த மாட்டார், சிரிக்கவும் மாட்டார். வயிற்றைத் திறந்து மூடிய நோயாளிக்கு அவர் அனுமதி இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் உதட்டில் படக் கூடாது. "கை வைத்து விட்டோம் இல்லையா, குடலுக்குக் கோபம். பேசாமல் படுத்துக்கொள்ளும். கோபம் தீரும் வரை தொந்தரவு செய்யாதே" என்பார். மூக்கு வழியாக இரைப்பைக்குள் ரப்பர் குழாய் விட்டு, ஊறுகிற பச்சை நீரை வடிய விடுவோம். கையில் டிரிப். உதட்டை நனைத்த பஞ்சால் துடைப்பது என் வேலை.

தினமும் காலையில் அவர் நோயாளியின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வார்டே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். தூங்குகிற குடலில் சத்தமே இருக்காது. விழித்த குடல் களக் களக்கென்று பேசும். பிறகு தலையைத் தூக்கி, "ஹவா கயா?" என்று கேட்பார். காற்றுப் பிரிந்ததா என்று அர்த்தம். பிரிந்தது என்றால் ஸ்பூனில் தண்ணீர். மறுநாள் சாயா. அதற்கடுத்து கஞ்சி. வயதான மனுஷர்கள்கூட வெட்கத்தை விட்டு அந்தக் காற்றுக்காகக் காத்துக் கிடப்பார்கள்.

காசிம் பாயைக் கொண்டுவந்தது எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, நோன்பு மாதம். அந்த வருஷம் நோன்பு நல்ல வெயில் காலத்தில் வந்திருந்தது. அவருக்குச் சொந்த ஊர் கடையநல்லூர்ப் பக்கம். தாராவியில் ஆட்டுக்குடல் சுத்தம் பண்ணுகிற பட்டறையில் வேலை. ஆட்டின் சிறுகுடலைக் கழுவி, சுரண்டி, நாடாவாகக் கீறி, முறுக்கிக் காயவைத்தால் நூலாகும். டாக்டர்கள் தையல் போடுகிற நூல் அதுதான். ஈரத் தரையில் நின்று நின்று பாதமெல்லாம் வெளுத்துப்போன மனுஷர். முப்பத்தைந்து வயதிருக்கும்.

அன்று மாலை நோன்பு திறந்து கஞ்சி குடித்திருக்கிறார். பசி அடங்கவில்லை. மேலே ரொட்டியும் கறியும் கொத்துக்கடலையும் வேகமாக அள்ளிச் சாப்பிட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வயிற்றை யாரோ பிழிகிற மாதிரி வலி. நீண்ட நேரம் காலியாகக் கிடந்த குடலில் திடீரென்று பாரம் விழுந்தால் சில பேருக்கு அது தன்னைத் தானே முறுக்கிக்கொள்ளும் என்று டாக்டர் பிறகு சொன்னார். முறுக்கினால் குடலுக்கு வருகிற ரத்தம் நின்றுபோகும்.

வேறு யாராக இருந்தாலும் சோடா வாங்கிக் குடித்துவிட்டு, தாங்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்திருப்பார்கள். காசிம் பாய்க்குக் குடலைப் பற்றித் தெரியும். பட்டறையில் முறுக்கிக்கொண்ட குடலை என்ன செய்வார்கள்? ஒரு நுனியைக் குழாயில் மாட்டி உப்புத் தண்ணீரை வேகமாக விடுவார்கள். தண்ணீர் போகிற வேகத்தில் முறுக்குத் தானாகப் பிரிந்துவிடும். அவர் அதையே செய்தார். சொம்பு சொம்பாக உப்புத் தண்ணீர் குடித்தார். வாந்தி எடுத்தார், மறுபடியும் குடித்தார். விடியும் வரை இப்படியே. மனைவி மைமூன் அழுதுகொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது, "சும்மா கெட புள்ள, தண்ணி எறங்குனா பிரிஞ்சிரும்" என்று சொல்லியிருக்கிறார்.

செத்த ஆட்டின் குடலுக்கு ரத்தம் வேண்டாம். அந்த ஒரு வித்தியாசம்தான்.

காலையில் தூக்கிக்கொண்டு வந்தபோது வயிறு தவில் மாதிரி இருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுத் தியேட்டரைக் காட்டினார்.

திறந்த வயிறுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல குடல் இளஞ்சிவப்பாக, பளபளவென்று, தொட்டால் நெளிந்து ஓடும். திறந்த பிறகும் அது தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். பார்க்க அழகாகக்கூட இருக்கும். காசிம் பாயுடையது கறுத்த திராட்சை நிறத்தில் அசையாமல் கிடந்தது. டாக்டர் இரண்டு கையாலும் அதை ஏந்தி, குழந்தையைத் திருப்புகிற மாதிரி மெல்லத் திருப்பி முறுக்கை அவிழ்த்தார். வெந்நீரில் நனைத்த துணி கேட்டார். பிழிந்து கொடுத்தோம். குடல் முழுவதையும் போர்த்தி மூடிவிட்டு, இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றார். மயக்க மருந்து டாக்டர் அவசரப்பட்டார். இவர் காதில் வாங்கவில்லை. துணியை விலக்கிப் பார்த்தார். மறுபடியும் சூடான துணி. மறுபடியும் காத்திருந்தார். ரத்தம் திரும்பி வந்தால் நிறம் திரும்பும். மூன்றாவது தடவை விலக்கியபோது மேல் நுனியில் ஒரு துண்டும் கீழ் நுனியில் ஒரு துண்டும் சிவந்திருந்தன. நடுவில் இருந்ததெல்லாம் கறுப்பு.

"பெருமாள், பக்கெட்" என்றார்.

வெட்டி எடுத்ததைப் பக்கெட்டில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். நான் எடுத்துக்கொண்டு போனேன். சிவந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்துத் தைத்து வயிற்றை மூடிவிட்டு, கை கழுவுகிற இடத்தில் டாக்டர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "பிழைத்துக்கொள்வான். பசிக்கும். சாப்பிடுவான். ஒன்றும் உடம்பில் சேராது."

இப்போது ரத்தக் குழாய் வழியாகவே முழுச் சாப்பாட்டையும் ஏற்றுகிறார்களாம். அன்று எங்கள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸும் உப்பு நீரும்தான். அதை வைத்து ஒரு மனுஷனை எத்தனை காலம் ஓட்ட முடியும்?

காசிம் பாய் மயக்கம் தெளிந்து எழுந்தார். எழுந்த ஆளுக்கு நிலைமை தெரியாது. வார்டில் அவரைப் போல கலகலப்பான ஆளே கிடையாது. டாக்டர் வந்து "ஹவா கயா?" என்று கேட்டுவிட்டுப் போனதும் என்னைக் கூப்பிட்டு, "தாராவிக் கொழாய் மாதிரிதான் அண்ணாச்சி. மொதல்ல காத்து உஸ்ஸுன்னு வரும், பொறவுதான் தண்ணி வரும். எங்களுக்குப் பழக்கம்னு சொல்லுங்க அவருக்கு" என்றார். இன்னொரு நாள் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "உள்ள போட்டது எங்க பட்டற நூலா இருந்தா அவுறாது வே, தைரியமா இருக்கலாம்" என்றார்.

காற்றுப் பிரிந்தது. தண்ணீர் கொடுத்தோம், சாயா கொடுத்தோம், கஞ்சி கொடுத்தோம். கஞ்சி குடித்த சிறிது நேரத்தில் கட்டில் நனைந்தது. குடித்தது அப்படியே, நிறம்கூட மாறாமல். துணி மாற்றினேன். மறுபடியும் பசி என்றார். மறுபடியும் கொடுத்தோம், மறுபடியும் அப்படியே. நாளுக்கு நாள் கன்னம் உள்ளே போயிற்று. சாப்பாட்டைக் கண்டால் மட்டும் கண்ணில் ஒரு வெறி. சாப்பிட்டுக்கொண்டே ஒரு ஆள் பட்டினியாகக் கிடப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மைமூன் தினமும் இரண்டு நேரம் தாராவியிலிருந்து வந்தது. ஆண்கள் வார்டில் பெண்களைச் சாயந்தரம் மட்டும்தான் உள்ளே விடுவோம். மத்தியானம் தூக்குச்சட்டியை வாசலில் என்னிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளையைப் பார்க்க ஓடிவிடும். கொடுக்கும்போது ஒரே கேள்விதான்.

"அண்ணாச்சி, காலம்பற குடிச்சது தங்குச்சா?"

"பார்ப்போம்மா" என்பேன்.

சாயந்தரம் உள்ளே வந்ததும் புருஷனைத் திட்டும். "கோழி கொத்துத மாதிரி அள்ளி முழுங்குதிய. மென்னு தின்னாத்தானே தங்கும்?" கஞ்சி மட்டும்தான் என்று சிஸ்டர் சொல்லியிருந்தும் முந்தானைக்குள் ஆட்டுக்கால் ரசம் வரும், முட்டை வரும். "சாறு எறங்குனா சத்து ஏறும்" என்று ஊட்டிவிடும். காசிம் பாய் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு வாயைத் திறப்பார்.

ஒரு நாள் துணி மாற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, பக்கெட்டத் தூக்கிட்டுப் போனது நீங்கதானாமே?"

நான் ஈரத் துணியைச் சுருட்டினேன்.

"கனமா இருந்துச்சா?"

"அதெல்லாம் எதுக்குக் காசிம் பாய்? தூங்குங்க."

"நான் எத்தன வருசமா கொடலோட கெடக்கேன். கையில தூக்குனா எத்தன பாகம் நீளம்னு சொல்லிருவேன். நீங்க கனத்த மட்டும் சொல்லுங்க, போதும்."

"டாக்டர்ட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் ரவுண்ட்ஸில் அவர் கேட்டேவிட்டார். நான் இந்தியில் மாற்றிச் சொன்னேன். எவ்வளவு மிச்சம் வைத்தீர்கள் என்று கேட்கிறார் சாகேப். டாக்டர் பொய் சொல்கிற ஆளில்லை. காசிம் பாய் பக்கம் திரும்பினார். பிறகு சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுத் தன் கையை நீட்டி, முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் காட்டினார். "இரண்டு துண்டும் சேர்த்து" என்றார். அதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஒரு மொழம்" என்றார் காசிம் பாய். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்புட்டுத் துண்ட நாங்க கழிவுல தள்ளிருவோம் அண்ணாச்சி. நூலுக்கு ஆவாது."

போகும்போது டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "இவன் மனைவிக்கும் தெரிய வேண்டும். அவள் பாஷை எனக்கு வராது. இன்று சாயந்தரம் நீ சொல்" என்றார். சரி என்றேன். திரும்பி வந்தால் காசிம் பாய் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

"அவகிட்ட சொல்லிராதிய."

"பெரிய டாக்டர் சொல்லச் சொல்லுதாரு."

"அவருக்கென்ன, சொல்லுவாரு. அண்ணாச்சி, அவ காலையில எந்திரிச்சு அடுப்புப் பத்த வைக்கா. எதுக்கு? நான் திங்கணும்னு. இவருக்குள்ள ஒண்ணுமில்ல, ஆக்கிப் பிரயோசனமில்லன்னு சொல்லிட்டியன்னா, பொறவு அவ என்னத்துக்கு எந்திரிப்பா? அவ ஆக்குறத நிறுத்துன அன்னிக்கே நான் மவுத்து. இப்ப விடுங்க. நான் திங்கேன். தங்குதோ தங்கலியோ, அது எனக்கும் ஒங்களுக்கும் உள்ளது."

அன்று சாயந்தரம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் டாக்டர் "சொன்னாயா?" என்று கேட்டார். காசிம் பாய் சொன்னதை எனக்குத் தெரிந்த இந்தியில் அப்படியே சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அன்னம்மா சிஸ்டரைக் கூப்பிட்டு, "அந்தக் கட்டிலுக்கு வீட்டிலிருந்து எது வந்தாலும் தடுக்காதீர்கள். எது வந்தாலும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அதற்குப் பிறகு வாசலில் மைமூன் "தங்குச்சா?" என்று கேட்கும்போதெல்லாம் "கொஞ்சம் தங்குச்சும்மா" என்று சொல்ல ஆரம்பித்தேன். அதன் முகம் விரியும். மறுநாள் சட்டி இன்னும் கனமாக வரும்.

மழை பிடித்துக்கொண்டது. காசிம் பாய்க்குக் கால் வீங்கியது. விலா எலும்பெல்லாம் வெளியே தெரிய, கால் மட்டும் பொம்மென்று. பேச்சுக் குறைந்துபோயிற்று. கூட்டாளிகள் வந்து பார்த்துவிட்டு வெளியே போய் அழுதார்கள். ஆனால் மைமூன் ஊட்டினால் மட்டும் வாயைத் திறந்துவிடுவார். மென்று மென்று தின்பார். "பாத்தியளா, மெல்லுதாக" என்று மைமூன் என்னிடம் பெருமையாகச் சொல்லும்.

கடைசி நாள் மத்தியானம் நல்ல மழை. மைமூன் குடையில்லாமல், சட்டியை மட்டும் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொண்டுவந்தது. "சூடு போறதுக்குள்ள குடுத்துருங்க அண்ணாச்சி, சிறு வெங்காயம் தாளிச்சுப் போட்டிருக்கேன்" என்றது. கொண்டுபோய்க் கட்டில் பக்கத்தில் வைத்தேன். காசிம் பாய் கண்ணைத் திறந்து சட்டியைப் பார்த்தார். "செத்த நேரம் கழிச்சுக் குடிக்கேன்" என்றார். அடுத்த கட்டிலில் ஒருவருக்கு எனிமா வைக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். சட்டி மூடியைத் திறக்கவே இல்லை. தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது.

ஆள் அனுப்பினோம். மைமூனும் அதன் அண்ணன் தம்பிகளும் வந்தார்கள். அந்த நேரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டாம். துணி போர்த்தி வேனில் ஏற்றும்போது மைமூன் படியில் நின்று திரும்பி என்னைப் பார்த்தது.

"மத்தியானக் கஞ்சி குடிச்சாகளா அண்ணாச்சி?"

"குடிச்சாரும்மா."

"முழுசுமா?"

"முழுசும். மென்னு மென்னு குடிச்சாரு."

அது தலையை ஆட்டியது. ஏதோ ஒன்று நடந்துவிட்ட மாதிரி, ஒன்றையாவது செய்து முடித்துவிட்ட மாதிரி ஆட்டியது. "சட்டிய நாளைக்கித் தம்பிகிட்ட குடுத்து விடுங்க" என்றது. வேன் போய்விட்டது.

நான் வார்டுக்கு வந்து சட்டியை எடுத்துக்கொண்டு பெட்பேன் கழுவுகிற அறைக்குப் பின்னால் போனேன். அங்கே யாரும் வர மாட்டார்கள். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். கஞ்சியைக் குப்பைத் தொட்டியில் கொட்ட மனம் வரவில்லை. மூடியைத் திறந்தேன். ஆறிப் போய் மேலே ஆடை படிந்திருந்தது. ஸ்பூன் இல்லை. சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தேன். வெங்காயத்தை மென்றேன். பாதியிலேயே போதும் என்று ஆகிவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. அடியில் ஒட்டியிருந்த பருக்கைகளை விரலால் வழித்துச் சாப்பிட்டேன். பிறகு சட்டியைக் கழுவி, துடைத்து, மூடியை அழுத்தி மூடினேன்.